எட்டு வார ரொட்டி

மார்ச் 5, செவ்வாய்

ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெளியே போகிறேன் என்று கொப்பியில் எழுதிக்கொண்டு வரும்படி தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா சொல்லியிருக்கிறார். இது என்னுடைய ஒன்பதாம் ஆண்டு கணக்குக் கொப்பி. முன்னால் பதினைந்து தாளில் கணக்கு இருக்கிறது. கிழிக்க மனம் வரவில்லை. பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

இன்று எட்டு.

மார்ச் 6

ஒன்பது. இதை எப்படி அவரிடம் காட்டுவது? அவருடைய மகள் என்னோடு படித்தவள்.

மார்ச் 9, சனி

எட்டு. வெறும் எண்ணாக எழுதினால் கொப்பி தீராது. மற்றதையும் எழுதலாம் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். என் எழுத்தோ எறும்பு ஊர்ந்த மாதிரி. அதனால் பயமில்லை.

என் பெயர் கோகிலவாணி. வயது பதினாறு. நிறை இருபத்தொன்பது கிலோ. அம்மா பெயர் யோகம், கொழுந்து எடுக்கிறாள். அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்கிறார், தீபாவளிக்கு வருவார். நான் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கிறேன். ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். ஏன் என்பதை எழுதப் போவதில்லை. பாடம் நடந்துகொண்டிருந்தபோது நடந்தது. வெள்ளைச் சட்டையை அம்மா பீலித் தண்ணீரில் இரண்டு தடவை துவைத்தாள். மறுநாள் அதை நான் போடவில்லை. அதற்குப் பிறகும் போடவில்லை.

மார்ச் 12

கொப்பியை எடுத்துக்கொண்டு போகவில்லை. எண்களை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். ஐயா அதைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

“என்னா சாப்புடுது?”

“எல்லாரும் திங்கிறதுதாங்க ஐயா. காலைல ரொட்டி, மத்தியானம் ரொட்டி, ராவுக்கு ஒரு புடி சோறு.”

“ஏய், நீ சொல்லு புள்ள. வயிறு வலிக்குதா?”

“வலிக்குதுங்க,” என்றாள் அம்மா. “உப்பிக்கிட்டு, கல்லு மாதிரி.”

“பேரு கோகிலவாணியாம். வாயத் தொறந்தா காத்துகூட வர மாட்டேங்குது!” என்று ஐயா சிரித்தார். பூச்சி என்றார். நாலாவது தடவையாகப் பூச்சிக் குளிசை. இரும்புக் குளிசையும் கொடுத்தார்.

எங்களிடத்தில் கலியாணமாகாத பிள்ளை தன் வயிற்றைப்பற்றி ஆம்பிளை முன்னால் பேசக்கூடாது. அம்மாதான் பேச வேண்டும். எனக்கு அது வசதியாகத்தான் இருக்கிறது.

மார்ச் 18, திங்கள்

பத்து.

அம்மா நாலு மணிக்கு எழும்புகிறாள். கோதுமை மாவைப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டி, கல்லில் போடுகிறாள். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாலும் எத்தனையாவது ரொட்டி என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். தனக்கு மூன்றைச் சுருட்டிக் கட்டிக்கொள்வாள். எனக்கு நாலு. காலைக்கு இரண்டு, மத்தியானத்துக்கு இரண்டு, சம்பலோடு தட்டுப் போட்டு மூடிவைத்துவிட்டு மலைக்குப் போவாள்.

இன்று ஒரு வாய்கூட இறங்கவில்லை. வாசனை வந்ததுமே குமட்டியது. நாலையும் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற பூமணி அத்தையின் ஆட்டுக்குப் போட்டேன். இன்றைக்கு மட்டும்தான்.

மார்ச் 22

ஆறு. ஆட்டுக்கு என்னைத் தெரிந்துவிட்டது. அம்மா போன உடனே கத்துகிறது.

லயத்துக்குப் பின்னால் மரவள்ளி நிற்கிறது. ஒரு கிழங்கை அவித்துத் தின்றேன். ராத்திரி மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றிக் குடித்தேன்.

ஏப்ரல் 3

நாலு. அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “ஐயா கைராசி. இந்தக் குளிசதான் கேட்டுருக்கு.” மாரியம்மனுக்கு வைத்த நேர்த்திக்கடனும் ஒரு காரணம் என்கிறாள்.

“ரொட்டி சாப்டியா?”

“ம்.”

‘ம்’ என்பது ஒரு சொல் அல்ல. ஆகவே அது பொய்யும் அல்ல.

ஏப்ரல் 16

வருஷப் பிறப்புக்கு அம்மா மூன்று நாள் வீட்டில் இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறை. காலையில் ரொட்டி, தேத்தண்ணிக்குக் கேக், அத்தை வீட்டிலிருந்து பணிஸ்.

பதினொன்று.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தை, “ஆத்தா வூட்டுல இருக்குற நாளாப் பாத்துத்தான் ஒம் மகளுக்கு வயித்து வருத்தம் வரும், யோகம். வேல சொல்லிருவேன்னு பயம்!” என்றாள். அம்மா சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

மே 7

மூன்று. இன்று தலை வாரும்போது முடி கொத்தாக வந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன்.

மே 20

மூன்று. அம்மா போன பிறகு நாலு ரொட்டியையும் பிய்த்துப் போடுகிறேன். முதல் நாள் இருந்த பயம் இப்போது இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. நாலு மணிக்கு அந்தச் சத்தம் கேட்கும்போது காதைப் பொத்திக்கொள்கிறேன்.

ஜூன் 12

ஆஸ்பத்திரி வார்டிலிருந்து எழுதுகிறேன். நேற்று பீலியில் குடத்தைத் தூக்கும்போது விழுந்துவிட்டேனாம். வயிறு கொஞ்சம் தேவலை, ஆனால் உடம்பில் இரத்தமே இல்லையாம். டவுன் ஆஸ்பத்திரிக்கு மாசத்தில் ஒரு முறை வருகிற பெரிய டொக்டர் நேற்று வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. வார்டில் வேலை செய்கிற அண்ணன் ஒருவர் கேட்டுக் கேட்டுச் சொன்னார். டொக்டர் நிறையக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அம்மாதான் பதில் சொன்னாள். மூன்று சின்னக் குழாயில் இரத்தம் எடுத்தார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை.

காலையில் கோதுமைப் பாணும் பருப்பும். நர்ஸ் மிஸ் சாப்பிட்டு முடியும்வரை கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.

ஜூன் 15

வார்டில் மூன்று நாளாக ஒன்பது, பத்து, பத்து. பக்கத்துக் கட்டிலில் இருக்கிற ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். செத்துப் போனால் நல்லது என்று முதல் தடவையாக நினைத்தேன். எழுதிப் பார்த்தால் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

டவுன் ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போனோம், இரத்தத்தின் முடிவு வந்திருந்தது. பெரிய டொக்டர் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்த அண்ணன் தமிழில் சொன்னார்: “அனுப்புன இரத்தத்துல ஒண்ணும் இல்லையாம். கோதும சாப்புடுறதுனால வர்ற ஒரு வருத்தம் இருக்காம். குடலக் கெடுத்துருமாம், வயித்தால போகுமாம், இரத்தம் சேராதாம், வளர்த்தி இருக்காதாம். அதுவா இருக்கும்னு நெனச்சுத்தான் இரத்தம் அனுப்புனாராம். ஆனா அது இல்லையாம்.”

“கோதுமையா?” அம்மா சிரித்துவிட்டாள். “எங்க பாட்டன் காலத்துலருந்து ரொட்டியத் தின்னுட்டுத்தானே மல ஏறுறோம்.”

“டொக்டர் கேக்குறாரு, புள்ள தெனம் கோதும சாப்புடுதானு.”

“நல்லாத் திங்கும்ங்க. ஒரு நாளைக்கு நாலு ரொட்டி. நாந்தான் சுட்டு வெக்கிறேன்.”

நான் தரையைப் பார்த்தேன். சிவப்புத் தரை. ஒரு மூலையில் உடைந்திருந்தது. அப்போது ஒரு வரி சொல்லியிருக்கலாம். அம்மாவின் கை என் தோளில் இருந்தது. கொழுந்துக் கறை ஏறி வெடித்த விரல்கள். அந்த விரல்கள் தட்டின ரொட்டியை ஆட்டுக்குப் போட்டேன் என்று, ஒரு வேற்று மனிதர் முன்னால், அதுவும் அவர் வேறு பாஷைக்கு மாற்றிச் சொல்லப்போகிறார், எப்படிச் சொல்வது?

டொக்டர் வேறு ஒரு தாள் எழுதினார். உடம்பில் இல்லாவிட்டால் மனசில் இருக்குமாம்; மனநல கிளினிக்குக்கு.

ஜூலை 10

ஏன் வாயைத் திறக்கவில்லை?

ஜூலை 14

லயத்துக்கே தெரிந்துவிட்டது. பூமணி அத்தை அம்மாவிடம், “உள்ள ஒண்ணுமே இல்லனு மெஷினே சொல்லிருச்சே. பதினாறு வயசாச்சு, இன்னும் பெரிய புள்ளயாகல, பேச்சும் இல்ல. இது வேற சமாச்சாரம் யோகம். பூசாரிட்டக் காட்டு,” என்றாள்.

அம்மா அன்று ராத்திரி சோறு போடும்போது கேட்டாள். “நெசமாவே வலிக்குதா? இல்ல சும்மா சொல்றியா? சொல்லு, அடிக்க மாட்டேன்.”

நான் சொல்லவில்லை. இரண்டையும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8

கிளினிக்குத் தேதி வரும்வரை என்று பெரிய டொக்டர் கொடுத்த குளிசை தூங்க வைக்கிறது. காலையில் தூக்கம், மத்தியானம் தூக்கம். விழித்தால் எந்த நேரம் என்று தெரியவில்லை. மூன்றோ நாலோ. எண்ணவில்லை.

ஆகஸ்ட் 27

என்னைப்பற்றி நானே யோசித்துப் பார்த்தேன். ரொட்டியைத் தின்றால் வருத்தம், தின்னாவிட்டால் குறைகிறது. இது எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைக்கிறேன். ஆனால் இரத்தம் ‘அது இல்லை’ என்கிறது. இரத்தத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆகவே பைத்தியம் நான்தானோ?

செப்டம்பர் 20, வெள்ளி

மனநல கிளினிக். நாங்கள் போகும்போது உட்காருகிற வாங்கு முழுக்க ஆட்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

டொக்டர் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. பெயர் வாசுகி. கதவைச் சாத்தினதும் அவர் செய்த முதல் காரியம், என் அம்மாவை வெளியே இருக்கச் சொன்னது.

“நா இல்லாட்டி அது பேசாதுங்க,” என்றாள் அம்மா.

“பேசாட்டிப் பரவாயில்லை அம்மா. சும்மா இருக்கட்டும்.”

சும்மாதான் இருந்தேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, “மடியில என்ன கொப்பி?” என்றார். முந்தின நாள் தூக்கக் கலக்கத்தில் துண்டுத் தாளில் எழுத மறந்து, கொப்பியையே கொண்டுபோயிருந்தேன்.

“எண்ணிக்கை,” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“எண்ணிக்கையை மட்டும் நீரே வாசியும். மற்றதை நான் பார்க்க மாட்டன்.”

வாசித்தேன். எட்டு, ஒன்பது, எட்டு, பத்து, ஆறு, நாலு. அவர் தேதியோடு எழுதிக்கொண்டார். பிறகு பேனாவைத் தாளில் ஓர் இடத்தில் வைத்தார். “மார்ச் பதினெட்டுக்குப் பிறகு குறைஞ்சிருக்கு. வருஷப் பிறப்புக்கு ஏறியிருக்கு. திரும்பக் குறைஞ்சிருக்கு. ஆஸ்பத்திரியில திரும்ப ஏறியிருக்கு. என்ன செய்தனீர் பிள்ளை?”

அவர் கேட்ட விதத்தில் குற்றம் இல்லை. கணக்கு டீச்சர் விடை சரியாக வந்த பிள்ளையிடம் வழியைக் கேட்கிற மாதிரி இருந்தது.

“ரொட்டிய ஆட்டுக்குப் போட்டேன்,” என்றேன்.

“எல்லாத்தையுமோ?”

“எல்லாத்தையும்.”

“இரத்தம் எடுக்கேக்குள்ள எவ்வளவு காலமாச் சாப்பிடாமல் இருந்தனீர்?”

“மூணு மாசம். வருஷப் பிறப்புக்கு மட்டும் தின்னேன்.”

அவர் கதிரையில் சாய்ந்துகொண்டார். “அந்த இரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிடுற ஆளுக்குத்தான் சரி வரும். சாப்பிடாமல் விட்டா அந்த அடையாளம் மெல்ல மெல்ல அழிஞ்சுபோகும். இது டொக்டரின்ர பிழையுமில்லை, இரத்தத்தின்ர பிழையுமில்லை.”

அப்படியானால் யாருடைய பிழை என்று அவர் சொல்லவில்லை.

பிறகு அம்மாவைக் கூப்பிட்டார். அவரே சொன்னார். அம்மா என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். கடைசியில் டொக்டர் சொன்னது இது. வாய் வழியாகக் குழாய் விட்டுக் கெமராவில் குடலைப் பார்க்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் நவம்பர் பதினெட்டாந்தேதி வைத்துத் தருவார். அதற்கு முன்னால் எட்டு வாரம், ஒரு நாள் விடாமல், நான் ரொட்டி சாப்பிட வேண்டும். குடல் கெட்டிருந்தால்தான் கெமராவில் தெரியும்.

“வருத்தத்த வர வெக்கணுமா?” என்றாள் அம்மா.

“ஓம் அம்மா. அதுதான் வழி. இந்த வருத்தம் எண்டா சீவியம் முழுக்கக் கோதுமை தொடக்கூடாது. இது இல்லையெண்டா வேற என்னவெண்டு தேட வேணும். எதெண்டு தெரியாமல் சும்மா விடேலாது. தெரிஞ்சா இந்த நித்திரைக் குளிசையும் நிப்பாட்டலாம்.”

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். தோட்டத்து முச்சந்தியில் இறங்கி மேட்டில் ஏறும்போது நின்றாள். மூச்சு வாங்கியதால் நின்றாள் என்று நினைத்தேன்.

“ஆறு மாசம்,” என்றாள். “நாலு மணிக்கு எந்திரிச்சு.”

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

செப்டம்பர் 23, திங்கள்

முதல் நாள். இரண்டு ரொட்டி. அம்மா வேலைப் பெரட்டுக்கு நேரமாகியும் போகாமல், தின்று முடிக்கும்வரை எதிரில் குந்தியிருந்தாள். காவல் இருக்கிறாள். நியாயம்தான்.

செப்டம்பர் 26

ஏழு.

செப்டம்பர் 29

பத்து. வாயெல்லாம் புண். தண்ணீர் பட்டாலும் எரிகிறது.

அக்டோபர் 2

பன்னிரண்டு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டேன். எனக்கு இவ்வளவு சத்தம் இருக்கிறதென்று தெரியாது. பூமணி அத்தைகூட எழுந்து வந்து கதவில் நின்றாள். ஒன்றும் சொல்லாமல் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 5, சனி

அம்மா சொல்கிறாள்: “ரொட்டி ஆகாதுன்னுதான் தெரிஞ்சு போச்சே. திங்காம இருந்துட்டுப் போ. சோறோ கெழங்கோ நா போடுறேன். டொக்டர் கடுதாசி எதுக்கு?”

எதுக்கு என்று எனக்குத் தெரியும், சொல்லத் தெரியவில்லை. ஜூலையில் நீ என்னிடம் நெசமா சும்மாவா என்று கேட்டாய் அம்மா. அதற்குப் பதில் அந்தக் கடுதாசியில்தான் இருக்கிறது. நான் வாயால் சொன்னால் நீ நம்பினாலும் நான் நம்ப மாட்டேன்.

“சாப்புடணும்,” என்று மட்டும் சொன்னேன்.

அம்மா இரண்டு ரொட்டியைத் தட்டில் வைத்தாள். வைத்துவிட்டுக் கையை நெடுநேரம் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அக்டோபர் 8

ஒன்பது. இன்றைய ரொட்டி கொஞ்சம் வெள்ளையாக இருந்தது.

“கடைல வேற மாவு வந்துருக்கு,” என்றாள் அம்மா, நான் கேட்காமலே.

அக்டோபர் 14

ஐந்து. ரொட்டி சுருட்டினால் உடைகிறது.

அக்டோபர் 19

மூன்று. வாய்ப் புண் ஆறிவிட்டது. ஒரு நாளைக்கு இரண்டு ரொட்டி, ஒரு நாள்கூட விடவில்லை. அப்படியானால் ரொட்டி காரணமில்லை. அப்படியானால் மார்ச்சிலிருந்து எழுதினதெல்லாம் பொய். அப்படியானால் நான் அந்த வாங்கில் உட்கார வேண்டியவள்தான்.

இப்படி எழுதினேன். எழுதியதை மறுபடி வாசித்தேன். வேறு ஒன்றையும் எழுத வேண்டும். ஆனால் எழுத மாட்டேன்.

அக்டோபர் 23

பீலியில் பூமணி அத்தை கேட்டாள். “என்னா புள்ள, ஒங்கம்மா அடிக்கொரு தரம் அரிசியத் தூக்கிக்கிட்டு மில்லுக்குப் போறா? இடியாப்பக் கட போடப் போறாளா?”

தெரியாது அத்தை என்றேன்.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

இரண்டு. அப்பா வந்தார். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, “எம் புள்ளைக்கு மூஞ்சி தெளிஞ்சிருச்சே!” என்றார். அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் எத்தனையோ நாளாகப் பார்க்கவில்லை. அப்பா கொண்டுவந்த கேக்கை என் கைக்கு எட்டாமல் மேல் தட்டில் வைத்துவிட்டாள்.

கேக்கை எடுத்து வைக்கிறவள் ரொட்டியை மட்டும் ஏன் கொடுக்கிறாள் என்று அப்பாவுக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. இரண்டு கை நிறையச் சோறு தின்றேன். வலிக்கவில்லை. வலிக்காமல் படுப்பது எப்படியிருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

நவம்பர் 6

இரண்டு. எழுதாமலிருந்தால் தெரியாது என்று ஆகிவிடாது.

அது கோதுமை இல்லை. அரிசி மாவு, மரவள்ளி மாவு, கொஞ்சம் தேங்காய்ப்பூ. முதல் நாள் முதல் வாயிலேயே தெரியும். நாலு மணிக்குத் தட்டுகிற சத்தமே மாறிவிட்டது. எனக்கு வெள்ளை, அவளுக்குப் பழுப்பு. தன்னுடைய மூன்றை நான் பார்க்காமல் முதலிலேயே சுருட்டிக் கட்டிவிடுகிறாள்.

அவள் எனக்குத் தெரியாதென்று நினைக்கிறாள். நான் அவளுக்கு வைத்த அதே ‘ம்’மைத்தான் இப்போது அவள் எனக்கு வைக்கிறாள். நான் வாயைத் திறந்தால் வலி திரும்பி வரும். திறக்காவிட்டால் பதினெட்டாந்தேதி கெமரா உள்ளே போகும், ஒன்றுமில்லை என்று சொல்லும், இந்த முறை அது கடைசி வார்த்தையாக இருக்கும்.

நவம்பர் 11

இரண்டு. கோழை. இது எண்ணிக்கை அல்ல. நான்.

நவம்பர் 15, வெள்ளி

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கப் போனோம். டொக்டர் வாசுகி என்னைத் தராசில் நிறுத்தினார். முப்பத்து மூன்று கிலோ, கூடியிருக்கிறது. அவர் நெற்றி சுருங்கியது.

“எட்டுக் கிழமையும் சாப்பிட்டனீரோ?”

“சாப்டுச்சுங்க,” என்றாள் அம்மா. “ஒரு நாள் விடல.”

அவர் கடிதத்தை எழுதத் தொடங்கினார். பேனா தாளில் ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரு வரி, இரண்டு வரி. மூன்றாவது வரியில் நான் சொன்னேன்.

“அது கோதும மாவு இல்லங்க டொக்டர்.”

பேனா நின்றது. அம்மா திரும்பவில்லை.

“அரிசி மாவும் மரவள்ளி மாவும். அக்டோபர் எட்டாந்தேதியிலருந்து. அம்மாவுக்கு நா கண்டுபிடிச்சது தெரியாது. எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுகிட்டே தின்னேன்.”

இவ்வளவு சேர்ந்தாற்போல் நான் யாரிடமும் பேசியதில்லை. பேசி முடித்ததும் காது அடைத்துக்கொண்டது. அம்மா பேசியது தூரத்தில் கேட்டது.

“ராவெல்லாம் கத்துதுங்க டொக்டர். நாஞ் சுட்டதத் தின்னுட்டு எங் கண்ணு முன்னால துடிக்குது. மறுநா காலைல அதே கையால எப்பிடிங்க சுடுறது? நீங்களே சொல்லுங்க. ஒரு வாரம் முடிஞ்சுச்சு, ரெண்டு வாரம் முடிஞ்சுச்சு. அதுக்கு மேல எனக்கு முடியலீங்க.”

டொக்டர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். பிறகு, “எனக்கு விளங்குது அம்மா. ஆனா கெமராவுக்கு விளங்காது,” என்றார். எழுதின கடிதத்தைக் கிழித்தார். “இப்ப பார்த்தா ஒண்டுமில்லை எண்டு வரத்தான் சாத்தியம் கூட. ஜனவரி இருபதாந்தேதி ஒரு இடம் கேட்டுப் பார்க்கலாம். முதல்லயிருந்து தொடங்க வேணும். நீர் மாட்டன் எண்டாலும் நான் கோவிக்க மாட்டன் பிள்ளை. ரொட்டியை விட்டுப்போட்டு இருக்கலாம். ஆனா கடுதாசியில பழைய முடிவுதான் இருக்கும்.”

அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கெஞ்சுகிற மாதிரி.

“சாப்புடுறேன்,” என்றேன்.

நவம்பர் 16, சனி

அம்மா என்னோடு பேசவில்லை. ராத்திரி மட்டும், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, “நா சுட மாட்டேன். தெரிஞ்சே எம் புள்ளைக்கு அத வெக்க மாட்டேன். ஒனக்கு வேணும்னா நீயே சுட்டுத் தின்னு,” என்றாள்.

நவம்பர் 17, ஞாயிறு

இரண்டு. வலி இல்லாத கடைசி நாள். ஒன்றும் செய்யாமல் வாசற்படியில் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். கோழி, வெயில், துவைத்த துணி. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

நவம்பர் 18, திங்கள்

நாலு மணிக்கு நான் எழும்பினேன். அடுப்பு மூட்டினேன். எனக்கு ரொட்டி சுடத் தெரியாது. ஒரு நாளும் சுட்டதில்லை. கோதுமை மாவைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். கூடிவிட்டது. இன்னும் மாவு போட்டேன். கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. தட்டினால் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் ஓட்டை. கல்லில் போட்டேன். வெளியே கருகியது, உள்ளே பச்சை மாவு. இரண்டாவதும் அப்படியே. புகை கிளம்பிக் காம்பரா நிறைந்தது.

அம்மா படுத்தபடியே இருமினாள். கண்ணைத் திறந்திருக்கிறாள் என்று தெரியும். மூன்றாவதைத் தட்டிக்கொண்டிருந்தேன். அது கையிலேயே கிழிந்தது. ஒட்டுப் போட்டேன். மறுபடியும் கிழிந்தது.

“இப்பிடித் தட்டுனா எப்பிடிடி வேகும்?”

எழுந்து வந்து என்னை இடுப்பால் தள்ளினாள். என் கையிலிருந்ததைப் பிடுங்கி, மறுபடி பிசைந்து, மாவு தூவி, உள்ளங்கையில் வைத்துத் தட்டினாள். அந்தச் சத்தம். கல்லில் போட்டாள். ஓரத்தை விரலால் சுற்றினாள். திருப்பினாள். பழுப்பாக, வட்டமாக, நடுவில் ஊதிக்கொண்டு எழும்பியது. இரண்டு சுட்டாள். தட்டில் வைத்து, சம்பலை ஒரு பக்கம் ஒதுக்கி, என் முன்னால் தரையில் வைத்தாள்.

பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். தனக்கு என்று மாவை எடுக்கவில்லை. தோள் அசைந்தது. நெருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆறிப்போனா இறுகிரும்,” என்றாள். “சூட்டோட சாப்புடு.”

சாப்பிட்டேன்.